ஆசியாவை ஓடவைத்த ஆசிரியர்



சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் வந்தால் காந்தி விளையாட்டரங்கத்தைப் பார்க்கலாம். நான் தினமும் காலையில் அங்கே நடக்கப் போவேன். ஏற்காட்டு மலை மேல் வெயில் விழுவதற்கு முன்பே பிள்ளைகள் வந்துவிடுவார்கள். சிலர் ஓடுவார்கள், சிலர் தாண்டுவார்கள். இன்னும் சிலர் அம்மா கட்டிக்கொடுத்த சுண்டலை முதலில் தீர்த்துவிட்டு, அப்புறம் ஓடலாம் என்று உட்கார்ந்திருப்பார்கள்.

ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஆசிய விளையாட்டில் ஓட வேண்டும் என்பது அவன் ஆசையாம். அந்தப் போட்டியை ஆரம்பித்தது யார் என்று கேட்டேன். விழித்தான். சீனா என்றான், பிறகு ஜப்பான் என்றான்.

இரண்டும் இல்லை. ஆரம்பித்தது நம் நாடு. அந்த எண்ணத்தை முதலில் எழுப்பியவர் நம் நாட்டு ஆசிரியர் ஒருவர். அவர் பெயர் குருதத் சோந்தி. ஜி.டி. சோந்தி என்றால் விளையாட்டு உலகில் அந்நாளில் எல்லோருக்கும் தெரியும். அவர் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கல்லூரியும் மைதானமும்

சோந்தி 1890-ஆம் ஆண்டு பிறந்தார். அப்போது இந்தியா ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. பஞ்சாப் மாகாணமும் பிரிக்கப்படாமல் ஒன்றாக இருந்தது. அதன் தலைநகர் லாகூர்.

படிப்பில் கெட்டிக்காரர், இளமையில் நல்ல ஓட்டக்காரரும் கூட. பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் படித்த பிறகு கடல் கடந்து இங்கிலாந்து போனார். கேம்பிரிட்ஜில் உள்ள டிரினிட்டி கல்லூரியில் படித்துத் திரும்பினார். லாகூர் அரசுக் கல்லூரியில் ஆசிரியரானார். பிறகு அதே கல்லூரிக்கு முதல்வரானார்.

அந்தக் காலத்தில் ஒலிம்பிக் என்ற சொல்லே நம் ஊர்களில் பலருக்குத் தெரியாது. இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927-இல் தொடங்கப்பட்டது. அதை வளர்க்கப் பாடுபட்டவர்களில் சோந்தி முக்கியமானவர்.

1932-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ஒலிம்பிக் நடந்தது. இந்திய அணிக்கு மேலாளராகப் போனவர் சோந்திதான். இன்று போல விமானத்தில் ஏறி மறுநாள் இறங்குகிற பயணம் இல்லை அது. கொழும்பில் கப்பல் ஏறி, பசிபிக் கடலைத் தாண்டிப் பல வாரம் போக வேண்டும். கையில் பணமும் குறைவு. வழியில் துறைமுக ஊர்களில் இறங்கி, காட்சி ஆட்டங்கள் ஆடிக்கொண்டே போனார்கள்.

அந்த அணியில்தான் தியான்சந்த் இருந்தார். ஜப்பானை 11-1 என்றும், அமெரிக்காவை 24-1 என்றும் வென்று இந்தியா தங்கம் வாங்கியது. அதே ஆண்டில் சோந்தி பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர் ஆனார். 1966 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

ஒரு விதை

ஒலிம்பிக்கைப் பார்த்தவர் மனத்தில் ஒரு கேள்வி விழுந்தது. அங்கே வந்த ஆசிய நாடுகள் மிகச் சில. ஆசியா எவ்வளவு பெரிய கண்டம்! உலக மக்களில் பாதிக்கு மேல் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் ஆசியப் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் ஓடிப் பார்க்க ஒரு பொதுவான களமே இல்லை. கிழக்கே பிலிப்பைன்ஸ், சீனா, ஜப்பான் நாடுகள் சேர்ந்து 1913 முதல் ஒரு போட்டி நடத்திவந்தன. அதுவும் சண்டை சச்சரவால் 1934-உடன் நின்றுபோனது.

சோந்தி சும்மா இருக்கவில்லை. 1934-லேயே மேற்காசிய விளையாட்டு என்ற பெயரில் ஒரு போட்டி டெல்லியிலும் பட்டியாலாவிலும் நடந்தது. இந்தியா, ஆப்கானிஸ்தான், இலங்கை, பாலஸ்தீனம் ஆகிய நான்கு மட்டுமே கலந்துகொண்டன. அடுத்த போட்டி 1938-இல் நடப்பதாக இருந்தது. ஆனால் நடக்கவே இல்லை. அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது.

போட்ட விதை முளைக்கவில்லை என்று இன்னொருவராக இருந்தால் விட்டிருப்பார். சோந்தி விடவில்லை. போர் முடியும்வரை காத்திருந்தார்.

நாடு பிரிந்த ஆண்டு

1947-ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் மாதங்களில் டெல்லியில் ஆசிய உறவுகள் மாநாடு நடந்தது. பல ஆசிய நாடுகளின் தலைவர்கள் வந்திருந்தார்கள். இதுதான் நல்ல சமயம் என்று சோந்தி நினைத்தார். எல்லா ஆசிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரு விளையாட்டுப் போட்டி வேண்டும் என்ற தம் யோசனையை நேருவிடமும் மற்றவர்களிடமும் எடுத்துச் சொன்னார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் நாடு விடுதலை பெற்றது. கூடவே இரண்டாகப் பிரிந்தது. சோந்தி பல ஆண்டுகள் பாடம் சொன்ன லாகூர் இன்னொரு நாட்டின் ஊராகிவிட்டது. நேற்றுவரை ஒரே வகுப்பில் உட்கார்ந்த மாணவர்கள் இரண்டு நாட்டுக்காரர்கள் ஆனார்கள். எத்தனையோ பேர் வீடு இழந்தார்கள், உறவை இழந்தார்கள்.

குழந்தைகளே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தம் ஊரே பிரிந்துபோன அந்த ஆண்டில்தான் இந்த மனிதர் ஆசியாவை ஒன்றாகச் சேர்க்கும் வேலையில் இறங்கினார்.

1948-இல் லண்டனில் ஒலிம்பிக் நடந்தது. அங்கே வந்திருந்த ஆசிய நாடுகளின் அணித் தலைவர்களைச் சோந்தி ஒரு விடுதிக்கு அழைத்துப் பேசினார். அவர்களும் சரி என்றார்கள்.

1949 பிப்ரவரியில் டெல்லியில் உள்ள பட்டியாலா மாளிகையில் கூட்டம் நடந்தது. ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பு பிறந்தது. பட்டியாலா மகாராஜா யாதவீந்திர சிங் அதன் முதல் தலைவர், சோந்தி முதல் செயலாளர். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை போட்டி என்று முடிவாயிற்று. எப்போதும் முன்னோக்கிச் செல்ல வேண்டும் என்ற பொருள் கொண்ட கொள்கை வாசகத்தை எழுதிக் கொடுத்தவரும் சோந்திதான். அந்த வாசகம் இன்றும் மாறவில்லை.

கையில் காசில்லாத விழா

முதல் போட்டி 1950-இல் டெல்லியில் நடப்பதாக இருந்தது. ஆனால் வேலை நகரவில்லை. நாடு புதிது, பணம் இல்லை. அகதிகளுக்கு வீடும் சோறும் கொடுப்பதே பெரும்பாடாக இருந்த காலம் அது. இந்த நேரத்தில் விளையாட்டு விழா எதற்கு என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். அந்தக் கேள்வியில் நியாயமும் உண்டு.

போட்டி ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அந்தோணி டிமெல்லோ என்பவர் ஏற்பாட்டுப் பொறுப்பை ஏற்று, ஓடியாடி வேலையை முடித்தார். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தை உருவாக்கியவர்களில் அவரும் ஒருவர். ஆக, கனவு கண்டவர் ஒருவர், களத்தில் முடித்தவர் இன்னொருவர். பெரிய காரியங்கள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். நம் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நிச்சயம் செய்பவர் தாத்தாவாக இருப்பார், பந்தியில் வியர்க்க வியர்க்கப் பரிமாறுபவர் சித்தப்பாவாக இருப்பார்.

விளையாட்டரங்கம் புதிதாகக் கட்டப்பட்டதா? இல்லை. பாவ்நகர் மகாராஜா கொடுத்த நன்கொடையில் 1933-இல் கட்டப்பட்ட அரங்கம் ஒன்று டெல்லியில் இருந்தது. ஆங்கிலேய வைஸ்ராய் இர்வின் பெயரை அது தாங்கியிருந்தது. அதையே செப்பனிட்டார்கள். தேசிய விளையாட்டரங்கம் என்று பெயரை மாற்றினார்கள்.

1951 மார்ச் 4-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் போட்டியைத் தொடங்கிவைத்தார். 11 நாடுகளிலிருந்து 489 வீரர், வீராங்கனைகள் வந்தார்கள். மார்ச் 11 வரை போட்டி நடந்தது.

ஜப்பானுக்குத் திறந்த கதவு

வந்த 11 நாடுகளில் ஒன்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது ஜப்பான்.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் பல ஆசிய நாடுகளைப் பிடித்து ஆண்டது. மக்களுக்குப் பெருந்துன்பம் செய்தது. போரில் தோற்ற பிறகு 1948 லண்டன் ஒலிம்பிக்குக்கு அதை அழைக்கவில்லை. ஆனால் டெல்லி அழைத்தது. போர் தொடுத்தது அரசுதான், ஓட வரும் பிள்ளை என்ன செய்தான் என்று நினைத்தார்கள் போலும்.

ஜப்பான் வீரர்கள் வந்தார்கள். 24 தங்கம் வென்று முதலிடம் பிடித்தார்கள். இந்தியா 15 தங்கத்துடன் இரண்டாம் இடம். நம் சச்சின் நாக் நீச்சலில் தங்கம் வென்றார். லெவி பின்டோ 100 மீட்டர், 200 மீட்டர் இரண்டு ஓட்டங்களிலும் முதலாவதாக வந்தார். கால்பந்து இறுதி ஆட்டத்தில் மேவாலால் அடித்த ஒரே கோலால் இந்தியா ஈரானை வென்றது.

அடுத்து என்ன நடந்தது பாருங்கள். 1958-இல் மூன்றாவது ஆசிய விளையாட்டை ஜப்பானே டோக்கியோவில் நடத்தியது. அதற்காகப் புதிய அரங்கம் கட்டியது. அதே அரங்கில்தான் 1964-இல் ஆசியாவின் முதல் ஒலிம்பிக் நடந்தது! பின்னாளில் தென்கொரியாவும் சீனாவும் இதே வழியில் போயின. சியோலில் 1986-இல் ஆசிய விளையாட்டு, 1988-இல் ஒலிம்பிக். பெய்ஜிங்கில் 1990-இல் ஆசிய விளையாட்டு, 2008-இல் ஒலிம்பிக். டெல்லியில் ஏற்றிய விளக்கிலிருந்து மற்றவர்கள் தங்கள் விளக்குகளை ஏற்றிக்கொண்டார்கள்.

1958 டோக்கியோ போட்டியில் தமிழர்கள் பெருமைப்பட வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்துத் தமிழரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான்.

ஜகார்த்தாவில் வந்த சோதனை

நான்காவது போட்டி 1962-இல் இந்தோனேசியாவின் தலைநகர் ஜகார்த்தாவில் நடந்தது. இங்கேதான் சோந்திக்குப் பெரிய சோதனை வந்தது. அப்போது அவர் வயது எழுபதைத் தாண்டியிருந்தது.

இஸ்ரேல், தைவான் இரண்டும் கூட்டமைப்பில் உறுப்பினர்கள். ஆனால் அரசியல் காரணத்தால் அந்த இரண்டு நாட்டு வீரர்களையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. உறுப்பு நாடு எதையும் ஒதுக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதிய கூட்டத்தில் இருந்தவர் சோந்தி.

அவருக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. வாயை மூடிக்கொண்டு மாலை மரியாதை பெற்றுத் திரும்பலாம். அல்லது விதி மீறப்பட்டது என்று எழுந்து சொல்லலாம். அவர் எழுந்து சொன்னார். எல்லா உறுப்பினரையும் சேர்க்காத போட்டிக்கு ஆசிய விளையாட்டு என்ற பெயர் பொருந்தாது, பெயரை மாற்றுங்கள் என்று வாதாடினார்.

தாம் பெற்று வளர்த்த குழந்தையின் பெயரையே தாமே பிடுங்கச் சொல்வது எத்தனை கஷ்டம்!

ஜகார்த்தா மக்களுக்குக் கோபம் வந்தது. அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. புதிதாக விடுதலை பெற்ற ஏழை நாடு, பெரும் பாடுபட்டு அரங்கம் கட்டி, விருந்தினரை அழைத்திருக்கிறது. விருந்து நடக்கும்போதே இது விருந்தே இல்லை என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் அந்தக் கோபம் வன்முறையாக மாறியது. செப்டம்பர் 3-ஆம் நாள் ஒரு பெருங்கூட்டம் இந்தியத் தூதரகத்தைத் தாக்கியது. சோந்தி அவசரமாக அந்த நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.

மறுநாள் கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியாவும் தென்கொரியாவும் மோதின. அரங்கம் நிறைந்த கூட்டம் நம் வீரர்களுக்கு எதிராகக் கூச்சல் போட்டது. நம் நாட்டுப் பண் ஒலித்தபோதும் கூச்சல் நிற்கவில்லை. ஜர்னைல் சிங் தலையில் தையல் போட்ட காயத்துடன் ஆடினார். அவர் ஒரு கோல், பி.கே. பானர்ஜி ஒரு கோல். கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். 2-1 என்று வென்று இந்தியா தங்கம் வாங்கியது.

அத்தனை கூச்சலுக்கு நடுவே நம் வீரர்களுக்காகக் கைதட்டியவர்கள் யார் தெரியுமா? பாகிஸ்தான் ஹாக்கி அணியினர்! இதை நம் வீரர்கள் பின்னாளில் நன்றியோடு நினைவுகூர்ந்தார்கள். சோந்தி லாகூரில் ஆசிரியராக இருந்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கனவு கண்டது இந்த மாதிரிக் கைதட்டலுக்காகத்தான் என்று எனக்குத் தோன்றும்.

எது மிஞ்சியது?

1966-இல் சோந்தி மறைந்தார். அவர் ஆரம்பித்தது நிற்கவில்லை. 1982-இல் ஆசிய விளையாட்டு மீண்டும் டெல்லிக்கு வந்தது. நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த இளைஞன். அப்பு என்ற யானைக்குட்டிதான் அந்தப் போட்டியின் சின்னம். பத்திரிகையில் வந்த அப்புவின் படத்தைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி வைத்திருந்தேன். அந்தப் போட்டிக்காக டெல்லியில் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. பி.டி. உஷா 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளி வென்றது அங்கேதான். நம் நாட்டில் வண்ணத் தொலைக்காட்சி வந்ததும் அந்த ஆண்டுதான்.

நம் சென்னையும் 1995-இல் தெற்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்தியது. சென்னை நேரு விளையாட்டரங்கில் இன்றும் பிள்ளைகள் பயிற்சி எடுக்கிறார்கள்.

ஒரு பெரிய விளையாட்டு விழா முடிந்தபின் என்ன மிஞ்சும்? கட்டடம் மிஞ்சும், சாலை மிஞ்சும். சில ஊர்களில் கடனும் மிஞ்சும். பூட்டிப்போட்ட அரங்கில் புல் முளைத்துப் போவதும் உண்டு. கட்டடத்தை யார் வேண்டுமானாலும் கட்டலாம். அதில் தினமும் பிள்ளைகள் ஓடினால்தான் அது விளையாட்டரங்கம். இல்லாவிட்டால் அது வெறும் சிமென்ட்.

1951-இல் டெல்லியில் ஓடிய அந்த அரங்கம் இன்றும் இருக்கிறது. 2002 முதல் அதற்குத் தியான்சந்த் பெயர். 1932-இல் சோந்தியோடு கப்பலில் போன அதே தியான்சந்த்! 2010-இல் உலகக் கோப்பை ஹாக்கி அங்கேதான் நடந்தது. கட்டி எத்தனையோ ஆண்டுகள் கழித்தும் பயன்படுகிறது என்றால், அதை விடாமல் பயன்படுத்தியதுதான் காரணம்.

பதினொரு நாடுகளோடு ஆரம்பித்த போட்டி இப்போது 45 நாடுகளின் போட்டி. 2023-இல் சீனாவின் ஹாங்சோ நகரில் நடந்தபோது இந்தியா முதன்முறையாக நூறைத் தாண்டி 107 பதக்கங்கள் வென்றது. சோந்தி கேட்ட கதவுகள் எல்லாம் திறந்துவிட்டனவா என்றால், இல்லை. இஸ்ரேல் 1974-க்குப் பிறகு ஆசிய விளையாட்டில் ஆடவில்லை. அவர் விட்டுச்சென்ற வேலை இன்னும் மீதி இருக்கிறது.

கடைசியாக நம் சேலத்துச் செய்தி ஒன்று. நம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. சிறு வயதில் விபத்தில் காலில் அடிபட்டவர். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். 2018 அக்டோபரில் ஆசிய மாற்றுத்திறனாளிகள் விளையாட்டுப் போட்டி நடந்தது. தொடக்க விழாவில் இந்திய அணிக்கு முன்னால் தேசியக் கொடியை ஏந்தி நடந்தவர் அவர்தான்.

எந்த ஊரில் தெரியுமா? ஜகார்த்தாவில். 1962-இல் நம் நாட்டுப் பண்ணுக்குக் கூச்சல் கிளம்பிய அதே அரங்கில்! இந்த முறை கூச்சல் இல்லை. வரவேற்புதான்.

இந்தக் கதையை நான் காந்தி விளையாட்டரங்கத்தில் அந்தப் பையனிடம் சொன்னேன். முழுவதும் கேட்டான். பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து, இன்னும் இரண்டு சுற்று ஓடினான்.

நீங்களும் செய்து பாருங்கள்: உலக வரைபடத்தை எடுங்கள். 1951-இல் டெல்லிக்கு வந்த இந்த 11 நாடுகளையும் தேடி வண்ணம் தீட்டுங்கள். ஆப்கானிஸ்தான், இந்தியா, இந்தோனேசியா, இலங்கை, ஈரான், சிங்கப்பூர், தாய்லாந்து, நேபாளம், பர்மா, பிலிப்பைன்ஸ், ஜப்பான். இவற்றில் ஒரு நாட்டுக்கு இப்போது வேறு பெயர். அது எது என்று உங்கள் ஆசிரியரிடம் கேட்பதற்கு முன் நீங்களே கண்டுபிடியுங்கள்!